கிளினிக் மண்டபத்துக்கு ஒரு மெல்லிசை

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

அம்மாவின் பிரஷர் கிளினிக்குக்காக மாதாமாதம் மட்டக்களப்பில் ஒரு வைத்தியசாலைக்குப் போகிறோம். காத்திருக்கும் மண்டபத்தில் ரி.வி. நாடகம் முழுச் சத்தத்தில் ஓடும். விடியமுன் எழும்பி பஸ் ஏறி வந்த வயோதிபர்கள் கொஞ்சம் கண் மூடவும் வழியில்லை. பிரஷர் பார்க்கும் இடத்தில் இது சரியா?

இங்கிலாந்து இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1970களின் இறுதியிலேயே விமான நிலையங்களில் காத்திருப்போரை மனதில் வைத்து மெதுவான, தாளக்கட்டில்லாத இசைத்தட்டு வெளியிட்டார். நமக்கும் இது புதிதல்ல, ராக ஆலாபனை இருக்கிறதே! வீணையோ புல்லாங்குழலோ, பேச்சை மறைக்காத அளவுக்குப் போடுங்கள். இலக்கம் கூப்பிடுவதும் பின்வரிசை வாங்கில் இருப்பவர்களுக்கு அப்போதுதான் கேட்கும்.

ஒரு மகள்,
கல்லடி