நவதுறவகப் பொறுப்பேற்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நவதுறவியர் இயக்குநர் பொறுப்பை, சபையில் புதிதாகச் சேரும் இளைஞர்களைப் பயிற்றுவிக்கும் அந்தப் பணியை, மாகாணத் தலைவர் உன்னிடம் ஒப்படைத்திருப்பதாக நீ தொலைபேசியில் சொன்னபோது அம்மா மகிழ்ச்சியில் அழுதுவிட்டாள். நான் அதிகம் பேசவில்லை. அதை நீ கவனித்திருப்பாய். உன் தகுதியில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு செய்தி இருக்கிறது, இனியும் அதை மறைப்பது முறையன்று என்று பட்டது. எல்லோரும் உன்னை ஃபாதர் என்று அழைக்கிறார்கள். இந்தக் கடிதத்தில் மட்டும் நீ என் மகன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு துறவற சபை, தன் பயிற்சி இல்லம் ஒன்றில் எழுந்த புகாரை விசாரிக்க மூவர் குழு அமைத்தது. இருவர் குருக்கள், ஒருவர் வெளியாள். அந்த வெளியாள் நான். வாழ்நாள் முழுக்கக் கணக்குத் தணிக்கை செய்தவன் ஆதலால் கோப்பு படிக்கத் தெரிந்தவன் என்று நம்பிக் கூப்பிட்டார்கள். இரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டிருக்கிறேன். ஆகவே சபையின் பெயரையோ, அந்த இளைஞர் யார் என்பதையோ உன்னிடமும் சொல்லமாட்டேன். இருபத்து மூன்று வயது நவதுறவி ஒருவர், இரவு செபத்துக்குப் பின் ஆன்ம உரையாடலுக்கு என்று தன் அறைக்கு அழைத்த பயிற்சியாளர் தன்னிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதைக் கையால் எழுதி, நான்கு பக்கங்களில் கொடுத்திருந்தார். அதற்கு மேல் விவரம் தேவையில்லை.

கோப்பில் அவரைப் பற்றிய மதிப்பீட்டுத் தாள்கள் இருந்தன. முதல் மூன்றும் ஏறக்குறைய ஒரே வாசகம்: செபத்தில் ஆர்வம் உண்டு, குழு வாழ்வில் இணக்கம் உண்டு, கீழ்ப்படிதலில் குறை இல்லை. நான்காவது தாள் வழக்கமான காலாண்டுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. புகார் கொடுத்த பத்தொன்பதாம் நாள். "குழு வாழ்வுக்கு ஒத்துப்போகாதவர், உணர்வு முதிர்ச்சி போதாது, இறையழைத்தல் ஐயத்துக்குரியது." நான்கு தாள்களிலும் கையெழுத்து ஒருவருடையதே, அதாவது யார்மீது புகார் சொல்லப்பட்டதோ அவருடையது. கணக்குப் புத்தகத்தில் இப்படியொரு பதிவைக் கண்டால் எந்தத் தணிக்கையாளனும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வவுச்சரைக் கேட்பான். நான் கேட்கவில்லை. தேதிகளைப் பார்த்தேன், எனக்குப் புரிந்தது, பக்கத்தைப் புரட்டினேன்.

விசாரணையில் குழுத் தலைவர் அந்த இளைஞரிடம் முதலில் கேட்டது, "நீங்கள் சின்னப் பிள்ளை இல்லையே, எழுந்து வெளியே வந்திருக்கலாமே" என்பது. கடுமையாகக் கேட்கவில்லை, கனிவாகத்தான் கேட்டார். அவர் சற்று நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவர்தானே ஃபாதர் என் அறிக்கையை எழுதுகிறவர்" என்றார். குறிப்பெடுத்தவர் அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை. கேள்விக்கு நேரான பதிலாக அவருக்குத் தோன்றவில்லை போலும். "இருவரும் வயது வந்தவர்கள், வற்புறுத்தலுக்குப் போதிய சான்று இல்லை" என்று முடிவு எழுதினோம். மூன்று கையெழுத்தில் ஒன்று என்னுடையது. அந்த இளைஞருக்குத் துறவியாவதற்கான முதல் வார்த்தைப்பாடு மறுக்கப்பட்டது; பயிற்சியாளர் மேற்படிப்புக்கு அனுப்பப்பட்டார்.

ஏன் அப்படி எழுதினோம் என்பதை அதன்பின் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் மூவரில் எவரும் கெட்டவர் இல்லை. துன்புறுத்தல் என்றவுடன் எங்கள் மனத்தில் எழுந்த உருவம் குழந்தையுடையது. திருச்சபையின் ஒழுங்குகளே நீண்ட காலம் அந்த உருவத்தை வைத்துத்தான் எழுதப்பட்டிருந்தன. அமெரிக்க ஆயர்கள் 2002ஆம் ஆண்டில் டாலஸ் நகரில் கூடி வகுத்த சாசனம் சிறார்களைக் காப்பதற்கு மட்டுமே ஆனது. குருவாகப் பயிலும் குருமட மாணவனுக்கோ நவதுறவிக்கோ அதில் இடமில்லை. பதினெட்டு வயதைக் கடந்த ஆண் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்பது எவரும் எழுதி வைக்காத, ஆனால் எல்லோரும் கடைப்பிடித்த விதி. எத்தனையோ நாடுகளின் சட்டங்களும் சிறுவனையும் பெண்ணையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவையே. ஆகவே வளர்ந்த ஆண் ஒருவன் காவல் நிலையத்துக்குப் போனாலும் அவனுக்கான பிரிவைத் தேடவேண்டியிருக்கிறது.

இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு முன்னாள் கர்தினால் தியடோர் மெக்காரிக்கின் வரலாறு போதும். நியூ ஜெர்சியில் ஆயராக இருந்த காலத்தில் அவர் குருமட மாணவர்களைக் கடற்கரை வீட்டுக்கு அழைத்துப் போவார். படுக்கைகளைவிட ஒருவர் கூடுதலாக வரும்படி பார்த்துக்கொள்வார். மிஞ்சிய மாணவன் அவருடைய படுக்கையில் படுக்கவேண்டும். இது பலருக்கும் தெரிந்தே இருந்தது. 2005ஆம் ஆண்டிலும் 2007ஆம் ஆண்டிலும் அங்குள்ள மறைமாவட்டங்கள் பாதிக்கப்பட்ட ஆண்களுக்குப் பணம் கொடுத்து உடன்படிக்கை செய்துகொண்டன. வெளியே எவருக்கும் தெரியவில்லை, அவர் கர்தினாலாகவே நீடித்தார். 2018ஆம் ஆண்டில் அவரை வீழ்த்தியது அந்த மாணவர்களின் சொல் அன்று. பல பத்தாண்டுகளுக்கு முன் சிறுவனாக இருந்த ஒருவரின் புகார் நம்பத்தக்கது என்று அறிவிக்கப்பட்ட பிறகே எல்லாம் சரிந்தது. 2019 பிப்ரவரியில் குருத்துவ நிலையிலிருந்து நீக்கப்பட்டார். அந்தத் தீர்ப்பில் சிறாருக்கு எதிரான குற்றங்களோடு வயது வந்தோருக்கு எதிரானவையும், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதும் சேர்த்துச் சொல்லப்பட்டன. 2020 நவம்பரில் வத்திக்கான் வெளியிட்ட நீண்ட அறிக்கை, எத்தனை கைகள் வழியாக எத்தனை கடிதங்கள் போயின என்பதைக் காட்டுகிறது. அதை வாசித்தபோது நான் புரட்டிய பக்கம் என் நினைவுக்கு வந்தது.

புகாரைக் கொண்டு சேர்ப்பவரும் தப்புவதில்லை. அயர்லாந்தின் மேனூத் குருமடத்தில், துணைத் தலைவர் ஒருவரைப் பற்றி மாணவர்கள் தெரிவித்த கவலையை ஆயர்களிடம் எடுத்துச் சென்ற மூத்த டீன் 1984ஆம் ஆண்டில் பதவி இழந்தார். யாரைப் பற்றிய கவலையோ அவர் அடுத்த ஆண்டு அதே கல்லூரியின் தலைவரானார். கிறிஸ்துவின் படைவீரர் சபையை நிறுவிய மார்சியல் மாசியேல், தலைவர்களை விமரிசிப்பதில்லை என்று தம் உறுப்பினர்களிடம் தனி வார்த்தைப்பாடே வாங்கியிருந்தார். பயிற்சி இல்லங்களில் அவரால் துன்புற்ற முன்னாள் உறுப்பினர்கள் முறைப்படி 1998ஆம் ஆண்டில் உரோமையில் மனுக் கொடுத்தார்கள். அவரைப் பொதுப்பணியிலிருந்து விலக்க 2006 ஆயிற்று. கீழ்ப்படிதல் புனிதமானது என்று நானே உனக்குச் சொல்லி வளர்த்தேன். அதை இன்றும் மறுக்கவில்லை. ஆனால் நல்லவர்கள் பெரிதும் மதிக்கும் ஒன்றைத்தான் இத்தகையவர் பூட்டாக மாற்றிவிடுகிறார்.

சட்டம் இப்போது மாறியிருக்கிறது என்பதை நீ என்னைவிட நன்றாக அறிவாய். 2019ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஆணைமடல், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திப் பாலியல் செயலுக்கு உட்படுத்துவதையும் குற்றங்களில் சேர்த்து, அறிய நேர்ந்த குருவும் துறவியும் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்றது. தெரிவித்தவரைப் பழிவாங்கக் கூடாது, தான் தெரிவித்ததைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று அவர்மீது கட்டளையிடவும் கூடாது. 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட திருச்சபைச் சட்டத்தின் 1395ஆம் பிரிவும் வன்முறை, மிரட்டல் ஆகியவற்றோடு அதிகாரத் துஷ்பிரயோகத்தையும் ஒரே வரிசையில் வைக்கிறது. அர்ஜென்டினாவின் ஓரான் மறைமாவட்ட முன்னாள் ஆயர் குஸ்தாவோ சான்செத்தா, முன்னாள் குருமட மாணவர் இருவரைத் துன்புறுத்தியதற்காக 2022 மார்ச்சில் நாலரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அந்தத் தண்டனையை வழங்கியது அரசின் நீதிமன்றம். 2017ஆம் ஆண்டில் உடல்நலத்தைக் காரணம் காட்டி ஓரானைவிட்டு விலகிய அவருக்கு, அதே ஆண்டு இறுதியில் வத்திக்கானில் ஒரு பதவி கிடைத்திருந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும்.

ஆனாலும் என் கவலை புதிய சட்டங்களைப் பற்றியதன்று, பழைய சட்டங்களைப் பற்றியது. உங்கள் சட்டநூலை அந்த விசாரணைக்குப் பிறகுதான் வாங்கிப் படித்தேன். நவதுறவியர் இயக்குநரும் குருமட அதிபரும் தம் இல்லத்தில் தங்கியிருக்கும் மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தை, அவர்களே குறிப்பிட்ட வேளையில் தாமாகக் கேட்டாலன்றி, கேட்கக் கூடாது என்கிறது 985ஆம் பிரிவு. ஒரு மாணவனைத் திருப்பட்டத்துக்கு ஏற்பதா குருமடத்திலிருந்து விலக்குவதா என்று முடிவெடுக்கும்போது ஆன்ம குருவின் கருத்தையோ பாவசங்கீர்த்தனம் கேட்கும் ஒப்புரவுக் குருவின் கருத்தையோ ஒருபோதும் கேட்கக் கூடாது என்கிறது 240ஆம் பிரிவு. மனச்சான்றைத் திறந்து காட்டும்படி தலைவர்கள் உறுப்பினர்களைத் தூண்டக் கூடாது என்கிறது 630ஆம் பிரிவு. இவற்றை எழுதியவர்களுக்கு மனித இயல்பு தெரிந்திருக்கிறது. ஒருவனுடைய உள்ளத்தின் திறவுகோலும் அவனுடைய எதிர்காலத்தின் திறவுகோலும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று அவர்கள் கண்டிருக்கிறார்கள். நான் பார்த்த இல்லத்தில் இரண்டும் ஒரே கையில் இருந்தன, எல்லாம் நல்லெண்ணத்தின் பெயரால்.

வெளியே போகிறவனையும் அந்தக் கை விடுவதில்லை. வேறொரு குருமடத்தில் சேர விரும்பினால், முன்பிருந்த இல்லத்தின் பொறுப்பாளர் அவன் ஏன் போனான் அல்லது அனுப்பப்பட்டான் என்று எழுதித் தரவேண்டும். 241ஆம் பிரிவு அதைக் கோருகிறது. தவறானவர்களைத் தடுக்க அது தேவையான விதிதான். ஆனால் "ஒத்துப்போகாதவர்" என்று நான் கையெழுத்திட்ட கோப்பிலிருந்து எழுதப்படும் ஒரு வரி, அந்த இளைஞருக்கு முன்னால் எல்லா வாசல்களையும் சாத்திவிடும். அவரை யாரும் தண்டிக்கவில்லை, மதிப்பீடுதான் செய்தார்கள். அதனால் மேல்முறையீடு செய்யவும் அவருக்கு ஒன்றும் இல்லை.

பொய்ப் புகார் வந்தால் என்ன செய்வது என்று நீ கேட்கலாம். உன் இடத்தில் இருந்தால் நானும் கேட்பேன். நற்பெயர் கெடாதிருக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று உங்கள் சட்டமே சொல்கிறது. அதை நான் சிறியதாக எண்ணவில்லை. ஆனால் புகாரை விசாரிப்பது குற்றம் சாட்டப்பட்டவரையும் காக்கிறது. சரியாக விசாரிக்காமல் மேற்படிப்புக்கு அனுப்பப்பட்டவர் நிரபராதியாக இருந்தால், அவரும் வாழ்நாள் முழுதும் அந்த நிழலோடுதான் நடப்பார்.

ஆகவே உன்னிடம் நான் கேட்பது சிறிய, அலுவலக வேலை போன்ற ஒன்று. உன் இல்லத்தில் ஒருவர் புகார் சொன்ன அந்த நாளிலேயே, அவரைப் பற்றி அதுவரை எழுதப்பட்ட மதிப்பீடுகள் அனைத்தையும் முத்திரையிட்டு வெளியார் ஒருவரிடம் ஒப்படைத்துவிடு. அதற்குப் பின் அவரைப் பற்றிய எந்த மதிப்பீட்டையும், யார்மீது புகாரோ அவரும் எழுதக் கூடாது, அவருக்கு நெருங்கியவரும் எழுதக் கூடாது. புகார் உன்மீதே வந்தாலும் இதுவே முறை; வரக்கூடும் என்று எண்ணியே ஏற்பாடு செய். வாயிலில் ஒரு தொலைபேசி எண்ணை எழுதி ஒட்டு. அது உங்கள் சபையைச் சேர்ந்தவருடையதாக இருக்கவேண்டாம். நவதுறவிகள் வந்த முதல் வாரத்திலேயே, அந்த எண்ணை அழைப்பது கீழ்ப்படிதலுக்கு எதிரானதன்று என்று அவர்கள் எல்லோர் முன்னிலையிலும் நீயே சொல். அரசுச் சட்டப்படி குற்றம் என்றால் காவல் துறைக்குப் போகவும் அவருக்கு உரிமை உண்டு என்பதையும் மென்று விழுங்காமல் சொல்.

கேள்வி கேட்கும் முறையைப் பற்றியும் ஒன்று. "ஏன் எழுந்து வரவில்லை" என்று கேட்காதே. "அன்று இரவு நீங்கள் எழுந்து வந்திருந்தால் மறுநாள் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தீர்கள்" என்று கேள். பதில் எவ்வளவு நீண்டாலும், கேள்விக்குப் பொருந்தாததாகத் தோன்றினாலும், சொன்னபடியே எழுதிக்கொள்ளச் சொல்.

குழுத் தலைவருக்குச் சென்ற மாதம் கடிதம் எழுதினேன். என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகவும், நான்கு தாள்களின் தேதிகளை மட்டும் மறுபடி பார்க்கும்படியும், அந்த இளைஞரைப் பற்றி வேறெந்த இல்லத்துக்காவது ஏதேனும் எழுதி அனுப்பப்பட்டிருந்தால் அதைத் திருத்தும்படியும் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. அம்மாவுக்கு இது தெரியாது. நீ வரும்போது நாம் இருவரும் சேர்ந்து சொல்லிக்கொள்ளலாம்.

நீ போய்ச் சேர்ந்தவுடன் அந்த இல்லத்தின் பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார். நடுவில் போனவர்களின் பெயர்களுக்கு எதிரே என்ன காரணம் எழுதியிருக்கிறது, எந்தத் தேதியில் எழுதியிருக்கிறது, யார் எழுதியிருக்கிறார் என்று நிதானமாகப் பார். என்னிடம் எதுவும் சொல்லவேண்டாம்.

அன்புடன்,
அப்பா