ஹிதேவின் பாட்டை முடித்துக் கொடுத்தவருக்கு

அன்புள்ள இனா அவர்களுக்கு,

வணக்கம். 1998 மே 2 அன்று ஜப்பானிய ராக் கிதார்க் கலைஞர் ஹிதே தமது 33-ஆம் வயதில் மறைந்தபோது, அவர் பாதியில் விட்டுச் சென்ற ஆல்பத்தை முடிக்கும் வேலை உங்கள் தலைமேல் விழுந்தது. அந்த வேலையை நீங்கள் செய்த விதத்தைப் பற்றியும், அதற்கு முந்தைய ஆண்டுகளில் நீங்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கிய இசையைப் பற்றியும் உங்களுக்கு எழுத வேண்டுமென்று எனக்கு வெகுநாளாக எண்ணமுண்டு. ஜப்பானிய ராக் இசையைப் பற்றித் தமிழில் பேசுவோர் சிலரே. அவர்களும் ஹிதேவின் இளஞ்சிவப்புத் தலைமுடியையும் இதயங்கள் வரைந்த மஞ்சள் கிதாரையும் அறிந்த அளவுக்கு, அவருக்கு அருகில் கணினியின் முன் அமர்ந்திருந்த உங்களை அறியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் உங்கள் பெயருக்கு வருகிறது.

ஹிதேவின் கதையை யோகோசுகாவிலிருந்து தொடங்குவதே முறை. டோக்கியோவுக்குத் தெற்கே இருக்கும் அந்தத் துறைமுக நகரில் அமெரிக்கக் கடற்படைத் தளம் உள்ளது. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்க ராக் எட்டாத தொலைவில் இருக்கவில்லை. 1964 டிசம்பர் 13 அன்று பிறந்த ஹிதேதோ மட்சுமோதோ, பள்ளிப் பருவத்திலேயே அமெரிக்க ராக் குழுவான கிஸ்ஸின் இசையில் மயங்கி, பாட்டி வாங்கிக் கொடுத்த கிப்ஸன் கிதாரில் கை பழகினார். பள்ளி முடிந்ததும் சிகையலங்காரமும் ஒப்பனையும் முறையாகப் படித்து அதற்கான உரிமமும் பெற்றார். 1981-இல் அவர் தொடங்கிய சேவர் டைகர் குழு சில ஆண்டுகள் நடந்து கலைந்தது. 1987-இல் டிரம்ஸ் கலைஞர் யோஷிகியின் எக்ஸ் குழுவில் (பின்னாளில் எக்ஸ் ஜப்பான்) சேர்ந்தபோது, கிதாரோடு கூட ஒரு குழு மேடையில் எப்படித் தோன்ற வேண்டும் என்ற தெளிவையும் அவர் கொண்டு சென்றார். தொடக்க நாட்களில் குழுவினரின் தலையலங்காரத்தில் அவர் கை இருந்தது. 1989-இல் வந்த ‘புளூ பிளட்’ ஆல்பத்தின் உறையில், காட்சியால் அதிரவைக்கும் குற்றம் என்ற பொருள்பட ஒரு முழக்கம் அச்சாகியிருந்தது. பின்னாளில், ஒப்பனையும் தோற்றமும் இசைக்கு இணையாக நிற்கும் ராக் பாணிக்கு விஷுவல் கெய் என்று பெயர் அமைந்தது அந்த முழக்கத்தை ஒட்டித்தான்.

ஆனால் எக்ஸ் குழுவில் பாட்டு எழுதும் பெரும்பொறுப்பு யோஷிகியிடம் இருந்தது. பியானோவும் வயலின்களும் பொங்கி எழும் நீண்ட பாடல்கள், துயரத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும் அமைப்பு, பாடகர் டோஷியின் எட்டாத உயரக் குரல் ஆகியவையே அந்தக் குழுவின் முகம். அதனிடையே ஹிதே எழுதிய ‘செலிப்ரேஷன்’, ‘ஜோக்கர்’ போன்ற பாடல்கள் வந்து விழும்போது, பூட்டிக் கிடந்த வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டதைப் போல் இருக்கும். அவற்றில் குறும்பும் துள்ளலும் இருந்தன. ஒரு ஆல்பத்தில் இரண்டொரு பாடல்களுக்குள் அடங்கக்கூடிய மனம் அவருக்கு இல்லை என்பது அப்போதே தெரிந்தது.

1993 ஆகஸ்ட் 5 அன்று ‘ஐஸ் லவ் யூ’, ‘50% & 50%’ என்ற இரண்டு சிங்கிள்களை ஒரே நாளில் வெளியிட்டு அவர் தனியாகப் பாட வந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ‘ஹைட் யுவர் ஃபேஸ்’ வந்தது. உறையில் சுவிஸ் ஓவியர் எச். ஆர். கிகர் உருவாக்கிய முகமூடி, உள்ளே டெர்ரி போஸியோவின் டிரம்ஸ், டி. எம். ஸ்டீவன்ஸின் பேஸ். அந்த ஆல்பத்தை நான் விரும்பினாலும், அது ஒரு ஒழுங்குக்குள் நிற்காத ஆல்பம் என்றே சொல்வேன். மனத்தில் தேங்கிக் கிடந்த அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்த அவசரம் அதில் இருக்கிறது. ‘டைஸ்’ பாடலின் வேகத்துக்கும் ‘டெல் மீ’ பாடலின் நேரடியான இனிமைக்கும் இடையே இருப்பவர் ஒரே மனிதர்தானா என்று கேட்கத் தோன்றும்.

அவருடைய குரலைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். டோஷியின் குரலோடு வைத்துப் பார்த்தால் ஹிதேவின் குரல் மெலிந்தது. சற்று மூக்கில் ஒலிப்பது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு பெரிய பாடகரைப் போல் முழங்க அவர் முயலவில்லை. ஒரே வரியைப் பலமுறை பாடி அடுக்குவதும், ஒரு இடத்தில் காதோடு பேசுவதும், இன்னொரு இடத்தில் சிதைத்து இரைச்சலாக்குவதும், அடுத்த நொடியில் ஒப்பனையில்லாமல் விட்டுவிடுவதுமாகக் குரலையும் ஒரு கருவியாகவே கையாண்டார். அப்படிக் கையாள்வதற்கு ஒலிப்பதிவு அறையில் பொறுமையும் கூர்மையான காதும் உள்ள ஒருவர் பக்கத்தில் தேவை. அந்த ஒருவர் நீங்கள்.

எக்ஸ் குழுவின் ‘ஜெலசி’ ஆல்பத்தின் காலத்தில், 1991-இல், கணினியில் ஒலிகளைக் கோத்து அமைக்கும் புரோகிராமிங் வேலைக்காக வந்தவர் நீங்கள். 2018-இல் வெளியான உங்கள் நூலின் தலைப்பிலேயே, ஹிதேவுடன் கழித்த காலத்தை 2486 நாட்கள் என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். ஏழாண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிதார்க் கலைஞர் குழுவை விட்டுத் தனியே வருகிறார் என்றால், பின்னணி வாசிக்க ஆட்களைச் சேர்த்துக்கொண்டு நீண்ட கிதார்த் தனிவாசிப்புகளோடு ஒரு ஆல்பம் போடுவார் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. ஹிதே அந்த வழியில் போகவில்லை. தமது கிதாரை உங்கள் கணினிக்குக் கொடுத்தார். வெட்டி ஒட்டிய டிரம்ஸ் ஒலிகள், தேய்த்துக் கெடுத்த குரல்கள், எங்கிருந்தோ பிடித்துவந்த சத்தங்கள் ஆகியவற்றோடு அவர் கிதாரின் தடித்த அடிகளும் ஒரே சட்டத்துக்குள் வந்து அமர்ந்தன. 1996 செப்டம்பரில் வந்த ‘சையன்ஸ்’ ஆல்பத்தில் அது முழு வடிவம் பெற்றது. ஜப்பானின் இசை விற்பனைப் பட்டியலான ஓரிகானில் முதலிடத்தைப் பிடித்த அந்த ஆல்பத்தில், இயந்திரத்தின் கறார்த்தன்மையும் மனிதக் கையின் தள்ளாட்டமும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நிற்கின்றன. சைபோர்க் ராக் என்று அவரே பின்னாளில் சொன்னதும் இதைத்தான். கணினி வந்தால் ராக் இசையின் உயிர் போய்விடும் என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைத்தால், நீங்கள் இருவரும் எவ்வளவு துணிந்தீர்கள் என்பது விளங்கும்.

அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ரே மெக்வே, பால் ரேவன், ஜோயி காஸ்டில்லோ ஆகியோருடன் ஸில்ச் என்ற குழுவையும் அவர் நடத்தினார். அங்கும் நீங்கள் இருந்தீர்கள். லெமனெட் என்ற பெயரில் ஒரு லேபிள் தொடங்கி, செப்பெட் ஸ்டோர் என்ற இளம் குழுவைக் கைதூக்கி விட்டார். அதற்கு முன்பே லூனா சீ குழுவை யோஷிகியின் கவனத்துக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். தமக்கு ஒரு கதவு திறந்தால் பின்னால் நாலு பேரை அழைத்துக்கொண்டு நுழையும் குணம் அது.

1997 டிசம்பர் 31 அன்று டோக்கியோ டோமில் எக்ஸ் ஜப்பானின் கடைசிக் கச்சேரி நடந்தது. சரியாக நான்கு வாரம் கழித்து, 1998 ஜனவரி 28 அன்று, ‘ராக்கெட் டைவ்’ வந்தது. பதினைந்தாண்டு வாழ்ந்த குழு கலைந்த துக்கத்தில் இருந்த ரசிகர்களுக்கு, இவ்வளவு பிரகாசமான பாட்டைக் கொடுக்க வேண்டுமென்று ஒருவருக்குத் தோன்றியதே எனக்கு இன்றும் வியப்பு. ‘ஹிதே வித் ஸ்பிரெட் பீவர்’ என்று குழுவின் பெயரையும் தம் பெயரோடு சேர்த்தே அச்சிட்டார். கிதாரில் காஸும் கியோஷியும், பேஸில் சிரோலின், டிரம்ஸில் ஜோ, கீபோர்டில் டை, தாளக் கருவிகளும் புரோகிராமிங்கும் நீங்கள்.

பிறகு மே 2. தற்கொலை என்று காவல்துறை சொன்னதும், உடனிருந்த நண்பர்கள் பலர் அது விபத்தே என்று சொன்னதும் ஏற்கெனவே அதிகம் எழுதப்பட்டுவிட்டன. உங்களிடம் அதைக் கிளற எனக்கு மனமில்லை. மே 7 அன்று இறுதிச் சடங்குக்காக டோக்கியோவின் ட்சுகிஜி ஹொங்கான்ஜி கோயிலில் ஐம்பதாயிரம் பேர் அளவில் கூடினார்கள். மே 13 அன்று ‘பிங்க் ஸ்பைடர்’ வெளியானது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மே 27 அன்று ‘எவர் ஃப்ரீ’. இரண்டும் பட்டியலில் முதலிடம். இரவல் சிறகுகளோடு பறக்க முயன்று தலைகுப்புற விழும் சிலந்தியைப் பற்றிய ‘பிங்க் ஸ்பைடர்’ பாட்டை, பாடியவரின் மரணத்துக்குச் சான்றாக வாசித்தவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. தாழ்ந்த சுருதியில் உறுமும் கிதாரும், மேலே அலட்சியமாக உலவும் குரலும் சேர்ந்த அந்தப் பாட்டில் ஒரு கைதேர்ந்த கதைசொல்லியின் மகிழ்ச்சி இருக்கிறது. அடுத்து என்ன செய்யலாம் என்று பரபரத்துக்கொண்டிருந்த ஒருவருடைய வேலை அது.

அந்த வேலை நின்ற இடத்தில் உங்கள் வேலை தொடங்கியது. அவர் பாடி வைத்திருந்த குரல்கள், அவர் வாசித்து வைத்திருந்த கிதார்ப் பகுதிகள், எழுதி முடித்தவை, முடிக்காதவை என எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, ஸ்பிரெட் பீவர் நண்பர்களோடு அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று ‘ஜா, ஜூ’ ஆல்பத்தை வெளியே கொண்டுவந்தீர்கள். குழுவினர் கச்சேரிப் பயணத்தையும் கைவிடவில்லை. பதிவான அவர் குரலோடு மேடையேறினீர்கள். ஒரு நண்பரை இழந்த ஆறு மாதத்துக்குள், அவர் குரலை நாள்தோறும் தனியாகப் பிரித்துக் கேட்டு, ஒரு மூச்சொலியை வைப்பதா எடுப்பதா என்று முடிவுசெய்யும் வேலை எத்தகையது என்பதை ஒலிப்பதிவைப் பற்றி ஓரளவு அறிந்தவர்களும் உணர முடியும். கேட்பவருக்கு அது பாட்டு. அந்த அறையில் இருப்பவருக்கு அது பக்கத்து நாற்காலியில் இருந்தவரின் மூச்சு.

அந்த ஆல்பத்துக்கு முன்னோடியாக அக்டோபரில் வந்த ‘ஹரி கோ ரவுண்ட்’ பாட்டைத்தான் உங்கள் நேர்மைக்கு அடையாளமாகச் சொல்வேன். பருவங்கள் வந்து போய் மீண்டும் வருவதைப் பற்றிய பாட்டு. உங்கள் கையில் உலகத்துச் சத்தங்கள் எல்லாம் இருந்தன. பாட்டில் எங்கே குறை இருந்தாலும் மூடி மறைக்க முடியும். நீங்கள் அக்கூஸ்டிக் கிதாரையும் வயலின்களையும் முன்னே விட்டு, குரலைச் சுற்றி இடம் வைத்திருக்கிறீர்கள். பெரிதாக்கிக் காட்டுவதற்கு அது வாய்ப்பான நேரம். ஊரே அழுதுகொண்டிருந்த நேரம். நீங்கள் பெரிதாக்கவில்லை. மெலிந்த குரலாகவே, அவர் இருந்த அளவிலேயே அவரை நிற்கவிட்டீர்கள்.

இதனால்தான் 2014-ஆம் ஆண்டைப் பற்றி உங்களிடம் வெளிப்படையாகப் பேசலாம் என்று நினைக்கிறேன். ‘ஜா, ஜூ’ ஆல்பத்துக்காகத் திட்டமிட்டு, முறையாகப் பாடிப் பதிவாகாமலே நின்றுபோன ‘கோ கியாரு’ என்ற பாட்டை, பாடும் குரலைக் கணினியில் உருவாக்கும் யமஹாவின் வோகலாய்டு தொழில்நுட்பத்தைக் கொண்டு, ஹிதேவின் பழைய பதிவுகளிலிருந்து ஒலித்துணுக்குகளைச் சேர்த்து நீங்கள் முடித்தீர்கள். எக்ஸ் ஜப்பான் 2007-இல் மீண்டும் ஒன்றுசேர்ந்தபோது, ஹிதே வாசித்து மீந்திருந்த கிதார்ப் பதிவுகளைப் புதிய பாட்டில் சேர்த்தார்கள். அது அவர் விரல் உண்மையிலேயே தொட்ட ஒலி. ‘கோ கியாரு’ பாட்டில் ஒலி அவருடையது, பாடிய செயல் அவருடையதல்ல. எங்கள் தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இப்போது வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. 2024-இல் ஏ. ஆர். ரஹ்மான், ‘லால் சலாம்’ படத்தின் ஒரு பாட்டுக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவு மூலம் உருவாக்கினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார். அதே ஆண்டு யுவன் சங்கர் ராஜா, தம் சகோதரி பவதாரிணியின் குரலை அவர் மறைவுக்குப் பிறகு ஒரு பாட்டில் கொண்டுவந்தார். நெகிழ்ந்தவர்களும் உண்டு, நெளிந்தவர்களும் உண்டு.

நான் நெளிந்தவர்களின் பக்கம். பாடகர் ஒரு வரியை இழுப்பதும் விடுவதும் அந்த நொடியில் அவர் எடுக்கும் முடிவு. அந்த முடிவை வேறொருவர் எடுத்துவிட்டு அவர் குரலைப் போர்த்துவது எனக்கு ஒப்பவில்லை. ஆயினும் ‘கோ கியாரு’ பாட்டை மட்டும் என்னால் அந்தக் கணக்கில் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. மெட்டு அவர் போட்டது, பாட்டு அவர் அந்த ஆல்பத்துக்கென்றே நினைத்தது, ஒட்டியவர் அவருடைய எடுப்பையும் தொடுப்பையும் ஏழாண்டு பக்கத்திலிருந்து கேட்டவர். இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் வரும் குரலை நீங்கள் அன்று துணுக்குத் துணுக்காகத் தேடிப் பொருத்தினீர்கள். அந்தத் தேடலில் ‘இது ஹிதே பாடியிருக்கக்கூடிய விதம் இல்லை’ என்று நீங்கள் ஒதுக்கித் தள்ளிய இடங்கள் எத்தனையோ இருந்திருக்கும். அப்படி ஒதுக்கத் தெரிந்த காது அருகில் இல்லாதபோது இந்தத் தொழில்நுட்பத்தைத் தொடக்கூடாது என்பது என் கருத்து.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ‘ஹரி கோ ரவுண்ட்’ பாட்டிலும் ‘கோ கியாரு’ பாட்டிலும் எந்த இடம் வரை ஹிதேவின் முடிவு, எங்கிருந்து உங்கள் முடிவு என்று தடம் தடமாகப் பிரித்துக் காட்டும் ஒரு பதிவை, ஒலியோடு சேர்த்தே வெளியிடுங்கள். ஒரு தடத்தில் அவர் கிதார் மட்டும், இன்னொன்றில் அவர் குரல் மட்டும், அடுத்ததில் நீங்கள் சேர்த்தவை மட்டும் என்று கேட்கக் கிடைத்தால், மறைந்தவர்களின் குரலைக் கையில் வைத்திருக்கும் எல்லா ஊர் இசைக்காரர்களுக்கும் அது பாடமாக இருக்கும். யோகோசுகாவில் அவருக்கென 2000-இல் திறந்த அருங்காட்சியகம் 2005-இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே அவருடைய உடைகளும் கிதார்களும் இருந்தன. அவர் வேலை செய்த விதத்தை முழுதாக அறிந்தவர் நீங்கள்.

மிகுந்த மதிப்புடன்,
தமிழ்நாட்டிலிருந்து உங்கள் ரசிகர் ஒருவர்