ஒரே நாளில் தேய்த்தால் என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

டெங்கு ஒழிப்பில் குடியிருப்போர் சங்கம், இளைஞர் மன்றம், மகளிர் குழு என எல்லோரும்தான் உழைக்கிறார்கள். ஆனால் ஆளுக்கொரு நாளில். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாட்கள் போதும். இந்தத் தெருவில் தொட்டியைக் கழுவி, அடுத்த தெருவில் விட்டுவிட்டால், கொசு என்ன எல்லை பார்த்தா வரும்?

கழுவுவது என்றால் தண்ணீரைக் கொட்டிவிடுவது மட்டுமல்ல. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் கருப்புப் பொடிபோல ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும்.

1988-இல் தொடங்கிய உலகளாவிய போலியோ ஒழிப்பில் ரோட்டரி சங்கத்தினரும் அரசுகளோடு கைகோத்தார்கள். நாடு முழுக்க ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இங்கே எல்லோரும் சேர்ந்து தொட்டி தேய்க்க, வாரம் ஒரு நாளைக் குறிக்க ஒரு கூட்டம் போதும். சரி, அதற்கு மேடையும் மைக்கும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்