லண்டன் கடைத் தட்டும் பாட்டுப் பத்திரிகை அட்டையும்

லண்டன்
டிசம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி வந்து சேர்ந்தது. நீ தொடங்கப்போகும் இசை மாத இதழுக்காக இங்கத்திய அட்டைகளைப் பற்றிக் கேட்டிருந்தாய்.

முதலில் கடையைப் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள். அட்டை முழுசாகத் தெரியும். இங்கே ரயில் நிலையக் கடைகளில் படிப்படியான தட்டு. முன்வரிசை பின்வரிசையின் கீழ்ப்பாதியை மறைக்கும், பக்கத்து இதழ் வலப்பக்கம் ஏறி உட்காரும். மிஞ்சுவது மேல் மூன்றிலொரு பங்கும் இடது ஓரமும்தான். இதழின் பெயர் உச்சியில் இருப்பது அதனால்தான். 1986-ல் தொடங்கி 2020-ல் நின்றுபோன 'க்யூ' என்ற இங்கத்திய இசை இதழ், சிவப்புக் கட்டத்துக்குள் ஒற்றை வெள்ளை எழுத்தை இடது மேல் மூலையில் வைத்திருந்தது. எந்தக் கும்பலுக்குள் செருகினாலும் அந்த மூலை தெரியும். 'கெராங்!' என்ற ராக் இசை இதழின் பெயரெழுத்தில் கண்ணாடி உடைந்த மாதிரி விரிசல் ஓடும். படிப்பதற்கு முன்பே மெட்டல், ராக் சங்கதி என்று புரிந்துவிடும்.

படம் மார்பளவு, கண் நேராக லென்ஸைப் பார்க்க வேண்டும். குழு என்றால் பாடகர் முன்னே, மற்றவர்கள் அரையடி பின்னே. வரிசையாக நிறுத்தினால் கல்யாண போட்டோ ஆகிவிடும். தலை, பெயரெழுத்தின் மேல் ஏறுவதைப் பார்த்திருப்பாய். பழகிய பெயருக்குத்தான் அது செல்லும். நீ முதல் வருஷம் செய்யாதே. செய்யும்போது அடியில் முழுப் படம், அதன்மேல் பெயர், அதற்கும் மேல் வெட்டியெடுத்த தலை என்று மூன்று லேயர். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மறையக் கூடாது. சொதப்புவது முடியில்தான்: பழைய பின்னணி நிறம் முடியோரம் வெள்ளைக் கோடாக ஒட்டிக்கொள்ளும். பின்னணியைச் சாம்பல் நிறத்தில் வைத்து, தலைக்கு மேல் கால்வாசி இடம் காலியாக விட்டு எடுக்கும்படி போட்டோகிராபரிடம் முன்பே சொல்லிவிடு. நெருக்கி எடுத்துவிட்டால் பிறகு எந்த வித்தையும் உதவாது.

தலைப்பு ஒன்று பெரிசு, மற்றவை நாலைந்து சின்னதாக, முக்கியமானது இடது ஓரம். பாடகர் பெயர்தான் பெரிய எழுத்தில், வாசகம் அதற்கடியில். இரண்டு எழுத்துரு போதும். எழுத்துக்குக் கருப்பு, வெள்ளை தவிர மூன்றாவது நிறத்தைப் பாடகரின் சட்டையிலிருந்தே எடு. பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் இறந்தபின் 1981 ஜனவரியில் 'ரோலிங் ஸ்டோன்' என்ற அமெரிக்க இதழ் தலைப்பே இல்லாமல் பெயரும் படமுமாக வந்தது. அந்தப் படத்துக்கு அது தகும். புது இதழ் அப்படிச் செய்தால் அச்சுப் பிழை என்று நினைப்பார்கள்.

அச்சுக்குப் போகும்போது நாலு பக்கமும் 3 மி.மீ. பிளீட் (வெட்டுக் கோட்டுக்கு வெளியே நீட்டிவிடும் படம்), எழுத்து டிரிம்மிலிருந்து, அதாவது வெட்டுக் கோட்டிலிருந்து, 5 மி.மீ. உள்ளே. கருப்புப் பின்னணிக்கு நாலு மையும் நூறு நூறு விழுக்காடு போட்டால் காயாது, அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். சயான் 40, மெஜந்தா 30, மஞ்சள் 30, கருப்பு 100 போதும். அதன்மேல் 8 பாயிண்டுக்குக் கீழே மெல்லிய வெள்ளை எழுத்து வேண்டாம். ரிஜிஸ்டர், அதாவது நாலு மையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்துக்குள் மை ஏறிவிடும். தமிழில் சுழிகள் முதலில் அடைபடும்.

பார்கோடு வெள்ளைக் கட்டத்தில் கருப்புக் கோடாகவே இருக்கட்டும். அழகுக்காகச் சிவப்புக் கோடு போட்டால் ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்கு அது வெள்ளைதான். பக்கத்தில் வரும் சின்னத் துணை எண் கோடு நீங்கலாக முழு அளவு சுமார் 37-க்கு 26 மி.மீ.; 80 விழுக்காட்டுக்குக் கீழே சுருக்காதே.

சிடி இலவசம் கொடுப்பதாக இருந்தால், ஒட்டும் உறை ஏறக்குறைய 12.5 செ.மீ. சதுரம். ஏ4 அட்டையில் பாதிக்குமேல் அகலம் போய்விடும்; அதனடியில் முக்கியமான எதையும் வைக்காதே. அட்டைமேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் (லாமினேஷன்) இல்லாவிட்டால் பிய்க்கும்போது படமும் சேர்ந்து வரும்.

முதல் லேஅவுட்டைச் சொந்த அளவில் பிரிண்ட் எடுத்து, பழைய இதழ்களுக்கு நடுவே செருகி எட்டடி தள்ளி நின்று பார்; பிறகு எனக்கு அனுப்பு. அம்மாவுக்குக் கால் வலி தேவலையா என்று எழுது.

அன்புடன்
அண்ணன்