மார்கழியில் மிருதங்க மூட்டு மாற்றாதே

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. மார்கழிக் கச்சேரிகளுக்கு நடுவிலேயே இரண்டு மிருதங்கத்துக்கும் புது மூட்டு, அதாவது வாய்க்குப் போடும் தோல் கட்டு, போட்டுக்கொண்டு, தை பிறந்ததும் கிளம்பிவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். கச்சேரி வரைக்கும் சரி. மூட்டு விஷயம் மட்டும் வேண்டாம். வேலை முடிந்தாலும், நீ போய் இறங்குகிற ஊரில் அது உன்னைப் படுத்தி எடுத்துவிடும்.

வருஷம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருப்பவனுக்கு நம் ஊர்ப் பருவம் மறந்துபோவது சகஜம். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்தாலும் சென்னைக் காற்றில் ஈரம் மார்கழியிலும் நன்றாகவே இருக்கும். நனைத்து இழுத்துக் கட்டிய தோல் மேலே காய்ந்த மாதிரி தெரியும். விளிம்புப் பின்னலுக்குள் ஈரம் நிற்கும். அந்த நிலையில் சுருதி கூட்ட வார் பிடித்தால், அதாவது பக்கத்துத் தோல்வாரை இழுத்து இறுக்கினால், தோல் நீண்டு கொடுக்கும், மறுநாளே இறங்கும், மறுபடி பிடிப்பார்கள். இப்படி ஈரத்தோடு இழுபட்ட மூட்டை, ஹீட்டர் ஓடுகிற குளிர்நாட்டு அறையில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? தோல் ஒரேயடியாகச் சுருங்கும். ஐந்து கட்டை சுருதிக்குச் சேர்த்தது ஐந்தரைக்கு மேல் போய் நிற்கும். பின்னலைக் கீழிருந்து தட்டி எவ்வளவுதான் இறக்குவாய்? அதற்குள் நடுவில் கறுப்பாக இருக்கிற கரணையின் ஓரம் உதிர ஆரம்பித்திருக்கும்.

இன்னொரு காரணம், மூட்டு வேலை செய்கிறவருக்கு அப்போது மூச்சு விட நேரம் இருக்காது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் நாட்கள் வரை ஊரில் இருக்கிற அத்தனை மிருதங்கமும் அவர் வாசலில்தான் நிற்கும். அன்று மாலைக் கச்சேரிக்கு வார் பிடிக்க வந்தவனை நிறுத்திவிட்டு உன் புது மூட்டுக்குக் கரணை தேய்க்க அவரால் முடியாது. அவசரத்தில் செய்தால் ஒரு பூச்சு காய்வதற்கு முன் அடுத்ததை ஏற்ற வேண்டிவரும். அவரைக் குறை சொல்ல முடியாது, கேட்ட நேரம் தப்பு.

ஆகவே சீசனை இருக்கிற மூட்டிலேயே ஓட்டு. தேவைப்பட்டால் கரணையில் மேல்பூச்சு மட்டும் சரிசெய்துகொள். திருவையாறு தியாகராஜ ஆராதனையும் முடிந்த பிறகு, மாசியில் வா. காற்றில் ஈரம் குறைந்திருக்கும், வெயிலும் சுடாது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து ஆராதனை ஈஸ்டரை ஒட்டித்தான் வருகிறது என்பதால் அங்கே போகிறவனுக்கும் மாசி வசதியாகவே விழும். மாசியில் வர முடியாது என்றால் ஒரு மிருதங்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போ. தாழ்ந்த சுருதிக்குத் தக்கு ஒன்று, உயர்ந்த சுருதிக்கு ஹெச்சு ஒன்று என்று இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்கள் எல்லாருக்கும் இதே இக்கட்டுதான்: இரண்டும் எப்போதும் வேலையில் இருக்கும், செப்பனிட நேரமே கிடைக்காது. மூன்றாவது ஒன்று வாங்கி, எப்போதும் ஏதாவது ஒன்று ஊரில் இருக்கும்படி சுழற்று. உனக்கு அதிகம் வாசிப்பு பெண் பாடகிகளுக்கு என்பதால் மூன்றாவதும் 22 அங்குல ஹெச்சாகவே இருக்கட்டும். ஒன்று, ஒன்றரைக் கட்டைக்கு 24 அங்குலம் ஒன்றே போதும்.

ஒரு புது மூட்டுக்கு எவ்வளவு நாள் ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். நாலு வாரம் என்று வைத்துக்கொள். வந்து இறங்கிய முதல் இரண்டு மூன்று நாள் வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, நிழலில் சும்மா வை. சுருதி பார்க்காதே. வெளிநாட்டு வறட்சியில் சுருங்கிய தோல் நம் காற்றுக்குத் தளர்ந்த பிறகுதான் எது நிஜமான கோளாறு, எது வெறும் வறட்சி என்று தெரியும். பாதி நேரம், "போய்விட்டது" என்று நினைத்த மூட்டு இந்த மூன்று நாளில் தானாகத் திரும்பி வரும்.

நிஜமாகவே மாற்ற வேண்டும் என்றால், வாரைக் கழற்றியதும் முதலில் உடலைப் பார்க்கச் சொல். பலாக்கட்டையின் உள்பக்கத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, வாய் விளிம்பு சமமாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். விளிம்பில் ஓரிடம் தேய்ந்திருந்தால் எத்தனை நல்ல மூட்டு போட்டாலும் அந்த இடத்துக் கண் (வார் கோக்கும் துளை) மட்டும் சொன்னபடி கேட்காது. அதைத் தோலின் குறை என்று நினைத்து மூட்டு மூட்டாக மாற்றுகிறவர்கள் உண்டு.

பிறகு மூட்டு தைத்து, பதினாறு கண்ணிலும் எருமைத்தோல் வாரைக் கோத்து இழுத்து, காயவிட்டு, மறுபடி இழுத்து என்று சில நாள் போகும். கரணை அதற்கு அப்புறம்தான். வலந்தலை என்கிற வலப்பக்கத் தோலின் நடுவில் சாதப் பசையைத் தேய்த்துப் பிடிமானம் உண்டாக்கி, கிட்டான் கல்லை இடித்துச் சலித்த பொடியைக் குழைந்த சாதத்தோடு பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக வட்டமாகப் பரப்பி, வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். தேய்க்கும் சூட்டிலேயே ஒவ்வொரு பூச்சும் இறுகும். மேலே போகப் போக வட்டம் சிறுத்து, நடுவில் கனமும் ஓரத்தில் மெல்லிசுமாக வரவேண்டும்.

இந்த அளவுதான் எல்லாம். சாதாரணத் தோலில் ஒரே அடியில் கூடவே எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாது. நடுவில் ஏற்றிய பாரம் அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவந்து, மீட்டு, சாப்பு என்கிற வலக்கை அடிகள் இரண்டும் ஒரே சுருதியின் உறவுகளாகப் பேச வைக்கிறது. சி.வி. ராமன் 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதியதும், 1934-ல் விரிவாக ஆராய்ந்து சொன்னதும் இதைத்தான். கரணை ஓரத்தில் நகம் அளவு உதிர்ந்தால் கூட, ஷட்ஜத்துக்குச் சேர்ந்த மிருதங்கத்தில் சாப்பு மட்டும் அந்நியமாகக் கேட்பது இதனால்தான். அப்போது சுருதி கூட்டும் கல்லை எடுத்துத் தட்டிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை.

கரணை போடும்போது பக்கத்தில் போய் உட்கார். போனில் "போன தடவை மாதிரியே" என்று சொல்லிவிட்டுக் கடைசி நாளில் போய் வாங்கி வருவது மிருதங்கம் வாங்குகிற முறையே அல்ல. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால், அவருக்கு வாத்தியம் செய்து கொடுத்த பர்லாந்துவின் கை இருந்தது. இருவரும் சேர்ந்து தேடிக் கண்டதுதான் அது. நீ பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டி, "இன்னும் ஒரு பூச்சு", "இங்கே கொஞ்சம் சுரண்டுங்கள்" என்று சொன்னால்தான் அவருக்கும் உன் விரல் புரியும். தோல்களுக்கு இடையில் செருகுவது ஈர்க்குச்சியா, கப்பி என்கிற கல்பொடியா என்பதையும் அப்போதே தீர்மானி. ஈரப்பதம் மாறி மாறி வரும் பயணத்தில் ஈர்க்குச்சியை எடுத்துச் செருகுவது உன் கையாலேயே முடியும். கப்பிக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. கூலியில் பேரம் பேசாதே, முன்பணமும் கொடு. மேடையில் அவர் பெயரை யாரும் சொல்லப்போவதில்லை. கூலியாவது சரியாகப் போகட்டும்.

கைக்கு வந்த புது மூட்டை இரண்டு வாரமாவது தினமும் வாசி. முதலில் அரைக் கட்டை குறைவாக வைத்து வாசித்து, தோல் படியப் படியச் சுருதியை ஏற்று. இடையில் ஒரு தடவையாவது வார் தளரும், திரும்பப் பிடிக்கவேண்டும். இதற்குத்தான் நாலு வாரம். கிளம்புவதற்கு முதல் நாள் வாங்கிய மூட்டு, அந்தத் தளர்ச்சியை விமானத்திலோ வெளியூர் மேடையிலோ காட்டும். அங்கே வார் பிடிக்க ஆள் ஏது?

கட்டுவதைப் பற்றி. தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ஒட்டுகிற ரவை துளி கூட இருக்கக்கூடாது. சுரண்டித் துடைத்து, ஒரு பகல் காயவிட்டு அப்புறம் உறை போடு. மிச்சம் இருந்தால் பூச்சி வரும், சில விமான நிலையங்களில் கேள்வியும் வரும். வலந்தலையை அரைக் கட்டை இறக்கி, கரணையின் மேல் எதுவும் அழுத்தாதபடி துணி வளையம் வைத்துப் பெட்டியை மூடு. எடை 23 கிலோ, நீள அகல உயரம் கூட்டி 158 சென்டிமீட்டர் என்பது பல விமானங்களில் இருக்கும் வரம்பு. பெட்டியோடு சேர்த்து வீட்டிலேயே அளந்துவிடு. சுருதி கூட்டத் தட்டும் கூழாங்கல்லையும் மரத்துண்டையும் கைப்பையில் வைக்காதே, சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்றால் மரம், தோல், ரவை மூன்றையும் படிவத்தில் ஒளிக்காமல் எழுது. ரவையை அங்கேயே வாங்கிக்கொள்வது உத்தமம். சென்னையில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே சுங்க அதிகாரியிடம் வாத்தியத்தைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கு. ஒப்படைத்த பிறகு கேட்டால் எதைப் பார்த்து எழுதுவார்? திரும்பி வரும்போது "இது எங்கே வாங்கியது" என்ற கேள்விக்கு அந்தக் காகிதம்தான் பதில்.

கஞ்சிரா ஒன்று கொண்டுவரச் சொல்லி உன் நண்பர் கேட்டதாக எழுதியிருந்தாய். உடும்புத்தோல் கஞ்சிராவை எல்லை தாண்டிக் கொண்டுபோகாதே. உடும்பு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பிலும் இருக்கிறது. பழையது, தாத்தா காலத்தது என்பதெல்லாம் சுங்கத்தில் எடுபடாது. ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் இப்போது கஞ்சிரா கிடைக்கிறது. குமுக்கு என்கிற அடிநாதம் அதே அளவுக்கு விழாது என்பது உண்மை. அதைச் சொல்லியே கொடு.

வெளியூரில் போய்ச் சேர்ந்த பின் ஒரே எதிரி வறட்சிதான். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கிப் பெட்டிக்குள் போடு. 45-க்கும் 55-க்கும் இடையில் நிற்க வேண்டும். ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சை வைத்து, தோலில் படாதபடி உடலின் நடுப்பக்கம் வைத்தால் போதும். கரணை மேல் ஈரத்துணி போடவே கூடாது, இளகி எழுந்துவிடும். குளிரில் விறைத்த விரலை வெந்நீரில் வைத்து எடுக்கிறவர்கள் நன்றாகத் துடைத்துக் காத்திருந்துவிட்டு உட்கார வேண்டியதும் இதற்காகத்தான். தொப்பிக்கு இதற்கு நேர்மாறாக, வழக்கத்தை விடத் தாராளமாகத் தண்ணீர் தடவு. எலுமிச்சை அளவு ரவையைக் கொஞ்சம் தளரப் பிசைந்து ஒட்டு. கெட்டியாகப் பிசைந்தால் தனி ஆவர்த்தனத்துக்கு வருவதற்குள் காய்ந்து விழும். சிலிகான் பசை அந்தத் தொல்லை இல்லாதது, நானும் மறுக்கவில்லை. ஆனால் ரவையில் கும்கி என்கிற இடக்கை நாதம் எழும்பி வழுக்குகிற அந்த நெளிவு அதில் எனக்குக் கேட்கவில்லை.

வாருக்குப் பதில் போல்ட்டால் இறுக்கும் மிருதங்கம் வாங்கலாமா என்ற உன் கேள்விக்கு: பயணத்துக்கு வாங்கு. ஸ்பேனர் ஒன்று இருந்தால் நீயே சுருதி கூட்டலாம், தயாராக வைத்திருக்கும் மாற்று மூட்டை நீயே மாட்டிக்கொள்ளலாம். மேற்கத்திய வாத்தியங்களோடு 440 ஹெர்ட்ஸ் கணக்குக்கு அசையாமல் நிற்க வேண்டிய மேடைக்கு அதுதான் லாயக்கு. போல்ட்டை ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டே போகாமல் எதிரெதிராகக் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்கு. இல்லாவிட்டால் வளையம் சாய்ந்து ஒரு கண் ஏறி எதிர்க்கண் இறங்கும். பாட்டுக் கச்சேரிக்கு மட்டும் வார் மிருதங்கத்தையே கொண்டுபோ.

பதில் போடும்போது இரண்டு விஷயம் எழுது. மாசியில் எந்தத் தேதியிலிருந்து இங்கே இருப்பாய் என்பது ஒன்று. அடுத்த பயணத்தில் யார் யாருக்கு வாசிக்கிறாய், அவர்கள் சுருதி என்ன என்பது இன்னொன்று. கால் கட்டை வரை துல்லியமாக எழுது. "ஹெச்சு" என்று மட்டும் எழுதினால் ஐந்துக்கா ஐந்தரைக்கா என்று தெரியாது, தோல் தேர்ந்தெடுக்கும்போதே அது தெரியவேண்டும். தை மாதத்திலேயே நான் போய்ச் சொல்லி, உனக்கு முறை வாங்கி வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்