மண்டிக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழம் சீக்கிரம் கெடாமல் இருக்க இயற்கைப் பூச்சு என்று நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். நான் சந்தூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவன், அதனால் சிலதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் பெங்களூரா ரக மாங்காய் பெரும்பாலும் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போய்விடும், அதற்குப் பூச்சு எதற்கு? செந்தூராவும் மல்கோவாவும்தான் கவலை. பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது, தோல் வழியாக ஈரம் போய்க்கொண்டே இருக்கிறது. கற்றாழைச் சாறோ தேன்மெழுகோ இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானோ மெல்லிசாகப் படிந்தால் அந்த மூச்சு குறைந்து, பழுப்பது கொஞ்சம் தள்ளிப்போகும். சரி. ஆனால் கனமாகப் பூசினால் காற்றே போகாமல் உள்ளே புளித்துவிடும், அதை நீங்கள் எழுதவில்லை. போன சீசனில் செந்தூராவில் இருபது காயை எடுத்து, பாதியைக் கற்றாழைச் சாற்றில் முக்கி வைத்துப் பார்த்தேன். முக்காதவை ஒரு வாரத்தில் சுருங்க ஆரம்பித்தன, முக்கியவை அப்போதும் கெட்டியாகவே இருந்தன. இரண்டு தடவை முக்கிய மூன்று காயில் மட்டும் புளித்த வாடை. அப்புறம், காம்பை ஒட்ட ஒடித்துப் பால் வடிந்த காய்க்கு எந்தப் பூச்சும் உதவவில்லை, தோல் கருத்ததுதான் மிச்சம். காம்பை ஓர் அங்குலம் விட்டுப் பறிப்பதில்தான் எல்லாமே தொடங்குகிறது.

குளிர்பதனக் கிடங்கு கட்டினால் போதும் என்கிறார்கள். ஆனால் மாங்காயை 12 டிகிரிக்குக் கீழே ரொம்ப நாள் வைத்தால் தோல் கருத்துவிடும், வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது.

மெழுகு என்றாலே விஷம் என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தேன்மெழுகு, ஒரு வகைப் பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு, அரக்கு மெழுகு மூன்றையும் பழத்தின் மேல் பூசுவதற்கு நம் உணவுப் பாதுகாப்பு விதிகளில் அனுமதி உண்டு, பூசியிருப்பதை லேபிளில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, பழம் கெடுவதைத் தள்ளிப்போடும் ஹெக்சனால் கரைசலை மாவில் சோதித்து எத்தனையோ வருடம் ஆகிறது. பக்கத்துத் தோப்பில் கேட்டால் அந்தப் பேரே தெரியவில்லை! இரண்டு ஏக்கர்க்காரர் தனியாக எதை வாங்கி எங்கே முக்குவார்? காய் பழுத்துவிடுமே என்கிற பயத்தில்தான் அன்றைக்கே, மண்டிக்காரர்கள் சொல்லும் விலைக்கே கொடுத்துவிட்டு வருகிறோம். நாலு நாள் கூடக் கிடைத்தால் மறுநாள் விலையையாவது பார்க்கலாம். மண்டிக்குப் பக்கத்தில் அரசே ஒரு தொட்டி, நல்ல தண்ணீர், உலர்த்த மின்விசிறி, அளவு தெரிந்த ஓர் ஆள் என்று ஏற்பாடு செய்து, கிரேட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளட்டும். ஏப்ரலுக்குள் செய்தால் இந்த சீசன் காய்க்கே உதவும்.

இப்படிக்கு,
ஒரு மா விவசாயி,
சந்தூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.