பகிடி பிழைத்த இடம்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் குகன்,

கடிதம் கிடைத்தது. இங்கே ஐப்பசி மழை பிடித்துவிட்டது, மற்றப்படி எல்லோரும் சுகம். 'கோஸ் ரோங் ஷோ' என்ற பிபிசி நகைச்சுவைத் தொடரைப் பார்த்து உன் வீடு இரண்டுபட்ட கதையை வாசித்தேன். சின்னனுகள் உருண்டு சிரிக்க, மாமா பத்து நிமிடத்தில் எழும்பிப் போய்விட்டார். மேடையில் அதே ஆக்களைப் பார்த்து வயிறு நோகச் சிரித்த உன் மனுசியும் "இது அது இல்லை" என்றுவிட்டா. மாமாவுக்குப் பகிடி விளங்காது என்று மட்டும் சொல்லாதே. அவர் பிடித்தது உண்மையான பிழை.

2012இல் லண்டனில், மதுக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கும் ஓல்ட் ரெட் லயன் என்ற சின்ன அரங்கில் தொடங்கிய மேடை நாடகம்தான் அந்தத் தொடருக்கு மூலம். 2014இல் டச்சஸ் அரங்குக்குப் போனது, 2015இல் சிறந்த புதிய நகைச்சுவைக்கு ஒலிவியர் என்ற பிரித்தானிய நாடக விருது வாங்கியது. கோர்ன்லி நாடக மன்றம் என்றொரு கற்றுக்குட்டிக் குழு கொலைக் கதை ஒன்றை மேடையேற்றுகிறது; கதவு திறபடாது, பிணம் மிதிபட்டுக் கையை இழுக்கும், மேல்மாடி சரியும். கதை அவ்வளவுதான். பிபிசி 2019 டிசம்பரில் இதைத் தொடராக்கியபோது அரை மணித்தியாலத்துக்கு ஒரு புது நாடகம் என்று வைத்தார்கள்.

மேடையில் நடுவில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருக்க, மூலையில் பிணம் கையை மெல்ல உள்ளே இழுக்கும். முதலில் கண்டவர் சிரிப்பார். பக்கத்தில் இருப்பவர் "எங்கே, எங்கே" என்று தேடுவார். அந்தத் தேடல்தான் பகிடியின் அரைவாசி. தொலைக்காட்சியில் கமரா கையைக் கிட்டக் காட்டிவிட்டால் தேட என்ன இருக்கிறது? "எல்லாம் முதலே தெரியுது" என்று மாமா சொன்னது இதைத்தான். சின்னனுகளுக்கு அப்படிக் காட்டினால்தான் பிடிக்கும், அதிலும் பிழையில்லை. இன்னொன்று நேரம். மேடையில் இரண்டு மணித்தியாலம் இருக்கிறது, நடிகர்கள் ஒழுங்காகச் செய்ய முயல்வதைப் பார்க்க அவகாசம் உண்டு, ஆகவே விழும்போது மனம் பதறும். அரை மணித்தியாலத்தில் அந்த முயற்சியைக் காட்ட நேரமில்லை. தொடங்கமுதலே விழத் தொடங்குகிறார்கள்.

ஆனாலும் ஒரு அத்தியாயத்தை மாமாவுக்குத் திரும்பப் போட்டுக் காட்டு: அறை முழுவதையும் 90 பாகை சரித்துக் கட்டிவைத்திருப்பார்கள். கமராவும் சரிந்து பார்க்கும்போது அறை நேராகத் தெரியும், ஆக்கள்தான் சுவரில் தொங்குவார்கள். அரங்கில் இருக்கும் சனத்தின் தலையை அப்படிச் சரிக்க முடியாது. அந்தப் பகிடி கமராவுக்கென்றே பிறந்தது.

சிரிப்பொலி எரிச்சல் தருகிறது என்றும் எழுதியிருந்தாய். இது பழைய வழக்கு. நீல் சைமனின் 1965ஆம் ஆண்டு மேடை நாடகம் 'ஒட் கப்பிள்' 1970இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தபோது, முதல் வருடம் ஒற்றைக் கமராவில் எடுத்துப் பதிவுச் சிரிப்பை ஒட்டினார்கள். நடித்த இரண்டு பேருக்குமே அது பிடிக்கவில்லை. இரண்டாம் வருடம் சனத்தை முன்னால் இருத்தி மூன்று கமராவில் எடுத்தார்கள். ஒட்டுச் சிரிப்பு எல்லாப் பகிடிக்கும் ஒரே அளவில் வரும். உண்மைச் சனம் சிலதுக்கு முக்கி முனகும், சிலதுக்குச் சிரிக்காமலே விடும், அதனால்தான் நம்பலாம்.

இனி நீ மாசியில் வந்து உங்கள் நாடகத்தைக் கமராவில் எடுக்கப்போகும் விஷயம். மாசி நல்லது, இப்போதென்றால் தகரக் கூரையில் மழை விழுந்து ஒரு வசனமும் மிஞ்சாது. மூன்று கமரா போதும். ஒன்றை மண்டபத்தின் நடுவில், மேடை விளிம்பு முதல் விளிம்பு வரை தெரிய நிறுத்தி, பிறகு தொடவே தொடாதே. மற்ற இரண்டும் பக்கத்தில். சனத்தோடு இரண்டு இரவு எடு, சனமில்லாமல் ஒரு பின்னேரம் கிட்டக் காட்சிகளை மட்டும் எடு. தொகுக்கும்போது ஒன்றைக் கவனி: கதிரையை இழுப்பதும் ஆள் விழுவதும் ஒரே காட்சிக்குள் இருக்கவேண்டும். நடுவில் வெட்டினால் பார்ப்பவர் ஏதோ தந்திரம் என்று நினைப்பார், சிரிப்பு செத்துவிடும்.

சுவர் விழுகிற கட்டத்துக்கு ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளை நுரை) பலகை என்று எழுதியிருந்தாய். வெறும் ரெஜிபோம் மெதுவாக மிதந்து, சத்தமில்லாமல் விழும். கமராவில் உடனே பொய் தெரியும். மேல் விளிம்பில் ஒரு மரச்சட்டம் ஒட்டு, பாரமும் வரும், "தடார்" என்ற சத்தமும் வரும். சட்டம் விழும் இடத்தைத் தரையில் வெள்ளைக் கோட்டால் குறித்துவை. அதற்குள் ஒருவரும் நிற்கக்கூடாது.

சிரிப்பைப் பிடிக்க இரண்டு மைக்கைச் சனத்தின் தலைக்கு மேலே, முகத்தைப் பார்த்தபடி தொங்கவிடு. ஸ்பீக்கர் பெட்டிகளுக்குத் தூரமாக இருக்கட்டும். நடிகர் குரலோடு கலக்காமல் தனியாகப் பதிவு செய். பிறகு குறைக்கலாம், கூட்டாதே. மின்விசிறி இரைச்சலும் அதில்தான் ஏறும், ஆகவே பகிடிக் கட்டங்களிலாவது நிற்பாட்டு, சனம் கொஞ்சம் வேர்க்கட்டும். மண்டப விளக்குகள் கமராவில் மினுங்கினால் பயப்படாதே: இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், கமராவை நொடிக்கு 25 படம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

நடிகர்கள்தான் கஷ்டம். வீரசிங்கம் மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசிப் பழகியவர்களிடம் "குரலைக் குறை" என்றால் வேகமும் சேர்ந்து குறையும். குரலை விட்டுவிடு, கமராவைத் தள்ளிவை. சிரிப்பு இறங்கத் தொடங்கும்போதுதான் அடுத்த வசனம்; அதுவரை கையில் ஏதாவது வேலை இருக்கட்டும், கண்ணாடி துடைக்கலாம், சால்வை மடிக்கலாம். சும்மா நின்றால் திரையில் வசனம் மறந்தவர் மாதிரித் தெரியும்.

உங்கள் நாடகத்தில் பேச்சுப் பகிடி அதிகம் என்பது உனக்கு வாய்ப்பு. 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற இலங்கை வானொலி நாடகம் 1976இல் 'கோமாளிகள்' படமானபோது, அதன் பாத்திரங்களான மரிக்காரின் தமிழும் அப்புக்குட்டியின் தமிழும் உபாலியின் தமிழும் அப்படியே கூடப் போயின. காதுக்கான பகிடி எந்தப் பெட்டிக்குள்ளும் போகும். ஆகவே சுவரை ஒருமுறை மட்டும் விழுத்து.

அடுத்த ஒத்திகையைக் கைத்தொலைபேசியில், கடைசி வரிசையில் இருந்து அசையாமல் எடுத்து அனுப்பு. எந்தெந்த இடத்தில் கமரா கிட்டப் போகக்கூடாது என்று நேரம் குறித்து எழுதுகிறேன். மாமாவையும் பார்க்கச் சொல்லி, எங்கே எழும்பிப் போகிறார் என்று சேர்த்து எழுது.

அன்புடன்,
ராசன்